எம்ஐபிஜி ஸ்கேனில் சிறுநீரக நரம்புச் செயல்பாடு: வாஷ்அவுட் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

புறணி_07 (கேள்வி)

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் சிறுநீரகப் பரிவு நரம்புகள் (சிம்பதெடிக்) எவ்வளவு முடுக்கத்தில் இருக்கின்றன என்பதை, கதீட்டர் எதுவும் நுழைக்காமல் படம் எடுத்தே அளக்க ஒரு சிறு ஆய்வுத் திட்டம் தயாராகிறது. ஸ்பெக்ட்-சிடி (உடலுக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருளை முப்பரிமாணத்தில் காட்டும்) கேமரா இருக்கிறது. அயோடின்-123 ஏற்றிய எம்ஐபிஜி (நார்அட்ரினலினைப் போலப் பரிவு நரம்பு நுனிக்குள் போகும் பொருள்) கிடைக்கும். சைக்ளோட்ரான் பக்கத்தில் இல்லை, அதனால் கார்பன்-11 பெட் நடக்காது. 3 டெஸ்லா எம்ஆர்ஐ நேரம் கேட்டால் கிடைக்கும்.

இப்போதைய வரைவு இதயத்துக்குச் செய்வதன் நகல்தான். ஊசி போட்டு 15 நிமிடத்தில் ஒரு படம், 4 மணி நேரத்தில் ஒரு படம், இடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பது.

1. இந்த வாஷ்அவுட் சதவீதத்தை ‘நரம்புச் செயல்பாடு’ என்று எழுதலாமா?
2. ரத்த அழுத்த மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்?
3. முன்னோட்டப் படங்களில் வலது சிறுநீரகத்தின் எண்களும் இடதின் எண்களும் தொடர்ந்து ஒத்துப்போகவில்லை. நரம்பு வித்தியாசமா, அளவீட்டுப் பிழையா?

---

காமா_அறை

மூன்றாவது கேள்வியிலிருந்து வருகிறேன், அதுதான் எளிது. பெரும்பாலும் கல்லீரல்.

எம்ஐபிஜியைக் கல்லீரல் நன்றாக உறிஞ்சும். தட்டைப் படத்தில் (இரு பரிமாணப் படம்) வலது சிறுநீரகத்தின் மேல் பாதி கல்லீரலோடு ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அங்கே வரையும் எல்லைக்குள் கல்லீரல் கவுண்ட்டும் (கேமரா எண்ணும் கதிர்கள்) சேர்ந்துவிடும். கல்லீரலின் கவுண்ட் இறங்கும் வேகம் வேறு, சிறுநீரகத்தினுடையது வேறு. இரண்டும் கலந்த சரிவைத்தான் வலதுபுற வாஷ்அவுட் என்று படிக்கிறீர்கள். இடதுபுறம் மண்ணீரல் அதே வேலையைக் கொஞ்சம் குறைவாகச் செய்யும். இரு பக்கமும் அட்ரீனல் சுரப்பி மேல் முனையில் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் எம்ஐபிஜியை எடுக்கும்.

சிறுநீரகத்தின் ஆழத்தால் வரும் கவுண்ட் இழப்பு வாஷ்அவுட்டில் கழிந்துவிடும், ஏனென்றால் இரண்டு படத்திலும் ஆழம் ஒன்றே (ஆளை அதே நிலையில் படுக்க வைத்தால்). மேலே விழும் கல்லீரல் கழியாது. ஆகவே தட்டைப் படத்தை விட்டுவிட்டு இரண்டு நேரத்திலும் ஸ்பெக்ட்-சிடி எடுங்கள். தட்டைப் படம் மட்டும்தான் என்றால் பின்புறப் படத்தில் கீழ் முனையையும் வெளி ஓரத்தையும் மட்டும் எல்லையிடுங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு, பெல்விஸ் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் பை) இரண்டும் எல்லைக்கு வெளியே. பின்னணிக்கான எல்லை சிறுநீரகத்துக்குக் கீழே வெளிப்பக்கம், குடல் படாத இடத்தில்.

கருவி அமைப்பில், கேமராவின் முன் இருக்கும் துளையிட்ட ஈயத் தகடான கொலிமேட்டர்தான் பலரும் தவறும் இடம். அயோடின்-123-இன் முக்கிய கதிர் 159 கேஇவி. அதோடு 529 கேஇவி-யில் சிறு பங்கு, 1.4% அளவுக்கு, வருகிறது. கொஞ்சம்தானே என்று விட முடியாது. குறை ஆற்றல் கொலிமேட்டரின் மெல்லிய ஈயச் சுவரை அது துளைத்து வந்து, சிதறி, 159 சாளரத்துக்குள்ளும் (கேமரா ஏற்கும் ஆற்றல் வரம்பு) விழும். பின்னணி உயரும், உறுப்புக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதம் சுருங்கும். நடுத்தர ஆற்றல் கொலிமேட்டர் போடுங்கள். சாளரம் 159-ஐச் சுற்றி 20%. ஆய்வு நடுவே கொலிமேட்டரை மாற்றினால் முந்தைய எண்களோடு ஒப்பிடவே முடியாது.

மருந்தளவு 185 முதல் 370 மெகாபெக்கரல். பெரியவருக்கு ஒரு மெகாபெக்கரலுக்குச் சுமார் 0.013 மில்லிசீவெர்ட், அதாவது 185-க்கு 2.4 மில்லிசீவெர்ட் அளவில். சிடியின் அளவைத் தனியாகக் கூட்டுங்கள். ஊசியை ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். சட்டென்று போட்டால் நரம்பு நுனியில் சேமித்திருக்கும் நார்அட்ரினலின் (பரிவு நரம்பு வெளியிடும் வேதிப்பொருள்) இடம்பெயர்ந்து ரத்த அழுத்தம் எகிறலாம். உங்கள் ஆட்களோ ஏற்கெனவே உயர் அழுத்தக்காரர்கள். தைராய்டைக் காக்கப் பொட்டாசியம் அயோடைடு 130 மில்லிகிராம், ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால். அயோடைடு ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெர்குளோரேட்.

---

தூண்டல்_ஹெர்ட்ஸ்

முதல் கேள்விக்கு என் பதில்: எழுதாதீர்கள். ‘எம்ஐபிஜி வாஷ்அவுட்’ என்றே எழுதுங்கள்.

நார்அட்ரினலினை மீண்டும் உள்ளே இழுக்க நரம்பு நுனியில் ஒரு பம்ப் இருக்கிறது. எம்ஐபிஜி அந்த வழியாகவே உள்ளே போகிறது, அதே நுண்பைகளில் சேமிக்கப்படுகிறது, நரம்பு துடிக்கும்போது நார்அட்ரினலினோடு சேர்ந்து வெளியேறுகிறது. நார்அட்ரினலினைச் சிதைக்கும் நொதிகள் இதைத் தொடுவதில்லை, அதனால்தான் மணிக்கணக்கில் நின்று படம் தருகிறது. ஆகவே ஆரம்பப் படம் பேசுவது நரம்பு நுனிகளின் எண்ணிக்கை, பம்பின் நலம், டிரேசரை (ஊசியில் போட்ட கதிரியக்கப் பொருள்) கொண்டுவந்த ரத்த ஓட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்து. வாஷ்அவுட்டில் நரம்புத் துடிப்பு இருக்கிறது. பம்ப் பழுதானாலும் அதே எண் உயரும். துடிப்பு அதிகமா, திரும்ப இழுப்பது குறைவா என்று படம் பிரித்துச் சொல்லாது.

இதயத்தில் கதை அங்கேயே முடிந்துவிடும். சிறுநீரகத்தில் முடியாது, ஏனென்றால் எம்ஐபிஜி உடலைவிட்டு வெளியேறும் வழியே சிறுநீரகம்தான். ஊசியில் போனதில் ஏறக்குறைய பாதி 24 மணி நேரத்தில் மாறாமல் சிறுநீரில் வந்துவிடும். குளோமெருலஸ் (சிறுநீரகத்தின் நுண்வடிகட்டி) வடிகட்டுவது போக, நுண்குழல் செல்கள் கரிமக் கேட்டயான் கடத்திகளால் அதைச் சுரந்தும் தள்ளுகின்றன. நீங்கள் ‘நரம்பில் உள்ளது’ என்று எண்ணும் கவுண்ட்டில் ஒரு பகுதி நுண்குழல் செல்லில், ஒரு பகுதி சிறுநீரில், ஒரு பகுதி ரத்தத்தில். ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) குறைந்தவரின் வாஷ்அவுட் மாறினால் அது நரம்பாலா, வடிகட்டலாலா? நரம்பை அளக்கும் டிரேசரை அந்த உறுப்பே கழிவாக வெளியேற்றுவது, மேசைத் தராசையே மூட்டை கட்டி எடை போடுவது மாதிரி.

இதைச் சமாளிக்க ஒரு மலிவான வழி: இரண்டு படத்துக்கும் இடையே வரும் சிறுநீர் முழுவதையும் சேகரித்து, கொள்ளளவை அளந்து, ஒரு மில்லிலிட்டரைக் கிணறு கவுண்டரில் (மாதிரியின் கதிரியக்கத்தை எண்ணும் கருவி) எண்ணுங்கள். ஊசியில் போனதில் எத்தனை சதவீதம் வெளியேறியது என்று ஆளுக்கு ஆள் கிடைக்கும். வாஷ்அவுட் இந்த எண்ணோடும் ஜிஎஃப்ஆரோடும் இறுக்கமாகச் சேர்ந்து நடந்தால், நீங்கள் பார்ப்பது நரம்பு அல்ல.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள் இயற்கையான ஒப்பீடு. வெட்டி எடுத்துப் பொருத்தும்போது நரம்பு அறுந்துவிடுகிறது, ஆகவே அதில் தெரிவது பெருமளவு நரம்பல்லாத பகுதி. ஆனால் இரண்டு எச்சரிக்கை: மாதங்கள் போகப்போக நரம்பு ஓரளவு திரும்ப முளைக்கும், அது இருப்பது இடுப்புக் குழியில், ஆழம் வேறு.

---

புறணி_07

நன்றி. அப்படியென்றால் எதைத்தான் ‘உண்மையான’ அளவாக எடுத்துக்கொள்வது? எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது?

---

தூண்டல்_ஹெர்ட்ஸ்

நார்அட்ரினலின் ஸ்பில்ஓவர். மெல்போர்னில் மர்ரே எஸ்லர் குழு வளர்த்தெடுத்த முறை. டிரிட்டியம் ஏற்றிய நார்அட்ரினலினைச் சீரான வேகத்தில் சிரையில் விட்டுக்கொண்டே, தமனியிலும் சிறுநீரகச் சிரையிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுப்பார்கள். சிரைக்கும் தமனிக்கும் உள்ள நார்அட்ரினலின் வேறுபாட்டோடு, சிறுநீரகம் வழியிலேயே பிடித்துக்கொண்ட பங்கைக் கூட்டி (அதைக் கதிரியக்க நார்அட்ரினலின் காட்டிக்கொடுக்கும்), பிளாஸ்மா ஓட்டத்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை நானோகிராம் என்று வரும். பிடித்துக்கொண்ட பங்கைக் கூட்ட மறந்தால் விடை சிறுத்துவிடும். இதுவும் துடிப்பையும் பம்பையும் முழுதாகப் பிரிப்பதில்லை. ஆனால் உறுப்பு எது என்பதில் சந்தேகமில்லை.

முழங்கால் பக்கப் பெரோனியல் நரம்பில் ஊசி வைத்துத் துடிப்பை எண்ணும் மைக்ரோநியூரோகிராஃபியைச் சிலர் மாற்றாகச் சொல்வார்கள். துடிப்பை நேரடியாகவே கேட்கும் முறை அது. ஆனால் அது காலின் தசைக்குப் போகும் நரம்பு. பரிவு நரம்பு எல்லா உறுப்புக்கும் ஒரே அழுத்தத்தில் போகும் தண்ணீர்க் குழாய் அல்ல. உடல் பருமனில் ரத்த அழுத்தம் இயல்பாக இருந்தாலும் சிறுநீரக ஸ்பில்ஓவர் உயர்ந்திருக்கும், இதயத்தினுடையது அப்படி இருக்காது.

இன்னொன்று. எம்ஐபிஜி பார்ப்பது மூளையிலிருந்து சிறுநீரகத்துக்கு வரும் நரம்புகளை மட்டும். சிறுநீரகத்திலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு நரம்புகளில், பெல்விஸ் சுவரில் அடர்ந்திருப்பவை, அந்தப் பம்ப் இல்லை. டெனர்வேஷனின் (சிறுநீரக நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) பலனில் அவற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்று பேசப்படும்போது, படத்தில் அவை வெறும் இருட்டு என்பதை நினைவில் வையுங்கள்.

---

காமா_அறை

மாத்திரைகள் பற்றி.

கட்டாயம் கவனிக்க வேண்டியது லாபெட்டலால். பம்பையும் அடைக்கும், நுண்பையையும் காலி செய்யும். மூன்று நாள் இடைவெளி வேண்டும். மற்ற பீட்டா தடுப்பான்கள் (அட்டினலால், மெட்டோப்ரலால்) பம்பைத் தொடுவதில்லை. ரெசர்பின் கூடாது. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற ட்ரைசைக்ளிக் மாத்திரைகள், வென்லாஃபாக்சின், டுலோக்செடின், டிரமடால் எல்லாம் பம்பைத் தடுப்பவை. சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரினைக் கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அதைத் தனிக் கேள்வியாகவே படிவத்தில் அச்சிடுங்கள்.

அம்லோடிபின், நிஃபெடிபின் ரகம் சங்கடமானது. நுண்பையிலிருந்து வெளியேறுவதற்குக் கால்சியம் தேவை. அதைத் தடுப்பதால் டிரேசர் உள்ளேயே தங்கும், வாஷ்அவுட் பொய்யாகக் குறையும். வழிகாட்டிகளில் நிறுத்தச் சொல்லும் பட்டியலில் இவை உண்டு. ஆனால் கடுமையான அழுத்தம் உள்ளவரிடம் இதை நிறுத்துவதைவிட, எல்லோரையும் அதே மருந்து, அதே அளவில் வைத்துச் செய்வது நல்லது என்பது என் கருத்து. நீங்கள் ஒருவரை அவரோடு ஒப்பிடத்தானே போகிறீர்கள்.

குளோனிடின் பம்பைத் தொடாது, மூளையிலிருந்தே நரம்பின் முடுக்கத்தைக் குறைக்கும். அதாவது படத்தைக் கெடுக்காது, நீங்கள் அளக்க வந்ததையே மாற்றிவிடும். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் பாய்ந்து ஏறும். குளோனிடின் எடுப்பவரை ஆய்விலேயே சேர்க்காதீர்கள். எந்த மாத்திரையையும் ஸ்கேன் அறை நிறுத்தக் கூடாது, சிகிச்சை தரும் மருத்துவர் மாற்று எழுதிக் கொடுத்து நிறுத்த வேண்டும்.

இடைச்செருகலாக: சிடி ஆஞ்சியோவுக்குப் போட்ட அயோடின் காண்ட்ராஸ்ட் எம்ஐபிஜியைத் தடுக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தடுக்காது, எம்ஐபிஜி உள்ளே போவது அயோடின் வழியாக அல்ல. சிறுநீரகச் செயல்பாட்டைக் காண்ட்ராஸ்ட் மாற்றியிருந்தால் அது வேறு விஷயம், அதனால் சில நாள் இடைவெளி விடலாம்.

---

சுழல்_எதிரொலி

எம்ஆர்ஐ நேரம் கிடைக்கிறது என்றதால் வந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எம்ஆர்ஐ நரம்பைப் பார்க்காது. நரம்பு தூண்டியதால் ரத்த ஓட்டம் சுருங்குவதை மட்டும் பார்க்கும்.

காண்ட்ராஸ்ட் இல்லாத தமனிச் சுழல் குறியீட்டு முறையில் (ஏஎஸ்எல்) புறணியின் (சிறுநீரகத்தின் வெளி அடுக்கு) ரத்த ஓட்டம் கிடைக்கும். ஆரோக்கியமானவரில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கும். அமைதியான நிலையில் 5 நிமிடம் அளந்து, பிறகு கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் 2 நிமிடம் வைத்து அளந்து, பிறகு மீட்பு 5 நிமிடம். குறியிட்டதும் குறியிடாததுமான ஒரு ஜோடிப் படத்துக்கு 10, 12 வினாடி ஆகிறது என்றால் 2 நிமிடத்தில் 10 ஜோடிதான். புறணி முழுவதற்கும் ஒரு சராசரி சொல்ல அது போதும், புள்ளிவாரி வரைபடம் போட போதாது.

கெடுவது மூச்சில். குளிர் பட்டதும் ஆள் மூச்சைப் பிடிப்பார் அல்லது வேகமாக இழுப்பார், சிறுநீரகம் மேலும் கீழுமாக 1, 2 சென்டிமீட்டர் நகரும், கழித்தல் படத்தில் ஓரமெல்லாம் வெள்ளைக்கோடு. அதைக் குறைக்க, படத்தளத்தைச் சிறுநீரகத்தின் நீள அச்சில் சாய்த்து வையுங்கள். அசைவு தளத்துக்குள்ளேயே இருந்தால் பின்னால் நிமிர்த்தலாம். கைப்பிடி இறுக்கல் (உச்ச பலத்தில் 30%, 3 நிமிடம்) மூச்சை அவ்வளவு குலைக்காது, சிலருக்கு அது நல்ல மாற்று. சிஸ்டாலிக் ஏற்கெனவே 180-ஐத் தாண்டியவருக்கு இரண்டுமே வேண்டாம்.

ஏசிஇ தடுப்பானோ சார்ட்டன் வகையோ எடுப்பவரில் சுருக்கம் மழுங்கியே தெரியும். ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் போல்ட் படத்தை நரம்புக் குறியீடாக எடுக்கவே வேண்டாம், முந்தைய இரவு எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பதே அதை மாற்றிவிடும்.

---

தூண்டல்_ஹெர்ட்ஸ்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், எம்ஆர்ஐ திட்டம் பலதும் விழுவது இங்கேதான். விலங்குகளில் சிறுநீரக நரம்பை மின்சாரத்தால் தூண்டும்போது வரிசையாக மூன்று விளைவுகள் வரும். 0.5 ஹெர்ட்ஸ் அளவிலேயே ரெனின் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் தொடரைத் துவக்கும் நொதி) சுரப்பு கூடும். 1 ஹெர்ட்ஸில் சோடியம் வெளியேற்றம் குறையும். 2 ஹெர்ட்ஸைத் தாண்டினால்தான் ரத்த ஓட்டம் விழும். நாள்பட்ட உயர் அழுத்தத்தை நிலைநிறுத்த முதல் இரண்டே போதும். ரத்த ஓட்டம் இயல்பு என்று படம் காட்டினால், நரம்பு அமைதியாக இருக்கிறது என்று பொருளல்ல.

அதனால் ஸ்கேன் எதுவானாலும் முந்தைய நாள் 24 மணி நேரச் சிறுநீர்ச் சோடியத்தை அளந்து வையுங்கள். உப்பைக் குறைத்தவரில் பரிவு நரம்பு முடுக்கம் கூடும். ஒருவரை உப்புக் குறைத்த வாரத்திலும் இன்னொருவரை விருந்து முடிந்த மறுநாளும் படம் எடுத்தால், வித்தியாசம் உப்பினுடையது.

பெல்விஸில் தேங்கும் சிறுநீரைக் கழுவ ஃபுரோசெமைடு போடலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். உடல் நீர் இறங்கியதும் அனிச்சையாகப் பரிவு நரம்பு ஏறும். படம் சுத்தமாகும், அளவு கெடும். நிறைந்த சிறுநீர்ப்பையும் பரிவு நரம்பை ஏற்றும். இரண்டு படத்துக்கும் முன்னால் எல்லோருக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரத்தில் சிறுநீர் கழித்தல், 20 நிமிடம் படுக்கை ஓய்வு, காபி இல்லை.

---

வாசகர்_தமனி

இடையில் ஒரு சாதாரணக் கேள்வி. இந்தப் படத்தைப் பார்த்து, டெனர்வேஷன் சிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

---

தூண்டல்_ஹெர்ட்ஸ்

இன்றைக்கு முடியாது. ஆசை அங்கிருந்துதான் பிறந்தது என்பது வேறு. 2009-இல் வந்த முதல் ஆய்வில் 10 பேரிடம் ஸ்பில்ஓவர் சராசரியாக 47% குறைந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2014-இல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட சிம்ப்ளிசிட்டி எச்டிஎன்-3 ஆய்வில், 535 பேரில், இரு குழுவுக்கும் இடையே சிஸ்டாலிக் வித்தியாசம் 2.39 மில்லிமீட்டர் மட்டும். நரம்பு உண்மையில் அறுந்ததா என்று ஆளுக்கு ஆள் பார்க்க எளிய கருவி கையில் இல்லாததால், சிகிச்சை தோற்றதா, செய்த விதம் தோற்றதா என்று வாதம் நீண்டது. பின்னால் வந்த ஆய்வுகள் மிதமான பலனைக் காட்டின. 2023 நவம்பரில் அமெரிக்க எஃப்டிஏ அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றுக்கும் ரேடியோ அதிர்வெண் கருவி ஒன்றுக்கும் அனுமதி தந்தது. அந்த அனுமதிக்கு நரம்புப் படம் எதுவும் நிபந்தனை இல்லை.

ஒருவருக்கு இப்போது பயன்படுவது 24 மணி நேர அழுத்தப் பதிவு, மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறாரா என்ற சோதனை, ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதம், தூக்கத்தில் மூச்சடைப்பு உண்டா என்பது, தமனியின் உடலமைப்பு. ஒரு பக்கத் தமனி குறுகியிருந்தால் எம்ஐபிஜி அந்தப் பக்கம் குறைவாகவே போய்ச் சேரும், அதை நரம்பிழப்பு என்று படித்துவிடக் கூடாது.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுப்பதாக இருந்தால் மறுநாளே எடுக்காதீர்கள். அறுபட்ட நரம்பின் நுனி சிதைந்து பம்ப் மறைய நாட்கள் ஆகும். அதிகம் தள்ளிப்போட்டாலும் சிக்கல், செம்மறியாடுகளில் 11 மாதத்தில் நரம்பு ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வந்திருக்கிறது. 1 மாதத்தில் ஒன்று, 6 மாதத்தில் ஒன்று என்பது நியாயமான திட்டம்.

---

புறணி_07

ஸ்பெக்ட்-சிடியில் புறணியை மட்டும் தனியாக எல்லையிட முடியுமா? பெயரிலேயே புறணி வைத்திருக்கிறேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

---

காமா_அறை

சிடியில் எல்லை போடலாம், ஆனால் அது சொல்லும் கவுண்ட் புறணியினுடையது மட்டும் அல்ல. புறணியின் தடிப்பு 1 சென்டிமீட்டருக்குள். ஸ்பெக்ட்டின் பிரிதிறன் அதே அளவு அல்லது அதைவிட மோசம். பக்கத்து அகணியும் (உள் அடுக்கு) பெல்விஸ் சிறுநீரும் உள்ளே வழியும். புறணி மெலிந்த முதியவரில் நரம்பு அப்படியே இருந்தாலும் கவுண்ட் குறைவாகத் தெரியும். பெட் இதில் மேல், 4 முதல் 6 மில்லிமீட்டர். ஃபுளோரின்-18 ஏற்றிய ஃபுளூப்ரோபெங்குவேன் கிடைத்தால் அரை ஆயுள் 110 நிமிடம், வெளியிலிருந்து வரவழைக்கலாம். கார்பன்-11 போல 20 நிமிடத்தில் ஓட வேண்டியதில்லை. சிறுநீரில் கழிவது மட்டும் அதிலும் உண்டு.

கடைசியாக, முன்னோட்டப் படங்களைத் திரும்பப் பார்க்கும்போது சிதைவுத் திருத்தத்தை (ஐசோடோப் தானாகச் சிதைவதால் குறையும் கவுண்ட்டைக் கணக்கில் ஈடுசெய்வது) சரிபாருங்கள். அயோடின்-123 அரை ஆயுள் 13.2 மணி நேரம். 15 நிமிடத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் ஐசோடோப் தானாகவே 18% குறையும். உண்மையான வாஷ்அவுட் 30% என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தாமல் விட்டால் 42% வரும். மென்பொருள் ஏற்கெனவே திருத்தியதை நீங்கள் விரிதாளில் மறுபடி திருத்தினால் 15%. ஒரே ஆள், மூன்று விடை. எந்த நிலையத்தில் எது திருத்தப்படுகிறது என்று கையேட்டைப் படித்து அலைவதைவிட, சிறு பாட்டிலில் கொஞ்சம் அயோடின்-123 எடுத்து மூடி, ஆளுக்குச் செய்யும் அதே நேரத்தில், அதே கணக்கு வழியில் இரண்டு முறை படம் எடுங்கள். பாட்டிலுக்கு நரம்பு கிடையாது. வாஷ்அவுட் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அதைச் சரிசெய்த பிறகே முதல் ஆளை மேசையில் ஏற்றுங்கள்.